பொதுவா ஒரு எடம்

இல்லீங்க, சாப்பிட வரலீங்க. மூணு மணிக்கு மேல ஆறு வரைக்கும் மூடியிருக்கும்னு கதவுல எழுதியிருக்கறத நானும் படிச்சனுங்க. அதனாலதான் மூணே காலுக்கு வந்தேன். ஆளுக இருந்தா உங்க கை ஓயாது, எனக்கும் பேச வராது. நீங்க பாட்டுக்கு அந்த வெள்ளரிக்காய நறுக்குங்க, நிறுத்தாதீங்க. நான் இந்த ஒசர ஸ்டூலுல ஓரமா ஏறி உக்காந்துக்கறேன். காலு கீழ எட்டலை, பரவாயில்லீங்க.

என்னையத் தெரியுதுங்களா? போன சனிக்கெழமைக்கு முந்தின சனிக்கெழமை மத்தியானம் ஆறு பேரு வந்தமே. இதே பலகைக்கு முன்னால வரிசையா உக்காந்தோம். வெள்ளை வேட்டியில ஒரு பெரியவரு, பட்டுச்சீலையில அவரு சம்சாரம். நாங்க கதவத் தொறந்ததும் நீங்க உள்ளருந்து ஜப்பான் பாஷையில என்னமோ சத்தம் போட்டீங்க, அந்தம்மா பயந்து திரும்பி வெளியவே போயிட்டாங்க. ஆமாங்க, அவங்கதான். வாங்கன்னு கூப்பிடறதுதான் அதுன்னு அப்பறம் மாப்பிள்ளைப் பையன் சொல்லித்தான் தெரிஞ்சுது. நம்மூர்ல அத்தனை சத்தமா வாங்கன்னு சொன்னா பழைய தகராறு ஏதோ பாக்கி இருக்குதுன்னு அர்த்தமுங்க.

என்ற பேரு சுப்பையன். ஊடு இருகூரு. பம்புசெட்டுக் கம்பெனியில முப்பத்தி மூணு வருசம் இருந்துட்டு போன வருசந்தான் வெளிய வந்தேன். அன்னைக்கு உங்களுக்கு நேரா உக்காந்து சூப்பு மட்டும் குடிச்சுட்டு இருந்தவன் நான்தான். ஞாபகம் இல்லீங்களா? சரி, சூப்புக் குடிக்கறவன யாரு ஞாபகம் வெச்சுக்குவாங்க.

விசயம் இதுதானுங்க. தை மாசம் ஒம்பதாந் தேதி, புதங்கெழமை, எங்க ஊட்டுல என்ற பொண்ணு மதிவதனிக்கு நிச்சயம். அன்னைக்கு நீங்க உங்க கத்தி, பலகை, சோத்தச் சுருட்டற அந்த மூங்கிப் பாய், எல்லாத்தையும் எடுத்துட்டு எங்க ஊட்டுக்கு வரோணும். வந்து ஹால்ல நின்னு, எல்லாரு கண்ணு முன்னாலயும், இங்க செஞ்சாப்பலயே செஞ்சு குடுக்கோணும். பதினெட்டுப் பேருக்கு.

தெரியுமுங்க, ஊட்டுக்கெல்லாம் போறதில்லைன்னு உங்க மேனேஜரு போன்லயே சொல்லிப்போட்டாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. உங்க பேரச் சொல்லி, எழிலுக்கு புதங்கெழமை லீவுங்கன்னு அவராவே சேர்த்துச் சொன்னாரு. லீவுன்னா சும்மாதான இருப்பீங்கன்னு நேரா வந்துபோட்டேன்.

ஏன் இதுதான் வேணும்னு கேக்கறீங்க. பிரியாணி போடலாம், எல போட்டு வடை பாயாசத்தோட போடலாம். என்ற சம்சாரம் அன்புக்கரசியும் அதத்தான் கேக்கறா. பொண்ணக் கட்டிக்குடுக்கறதுக்குப் பச்சை மீனு எதுக்குன்னு கேக்கறா. நாய்க்கு வெச்சாக் கூட மோந்து பார்த்துட்டு நம்ம மூஞ்சியப் பார்க்கும்ங்கறா. அவ சொல்றதும் நாயந்தானுங்க. ஆனா இதுன்னாத்தான் மாப்பிள்ளையோட அப்பா, அன்னைக்கு வந்த அந்த வெள்ளை வேட்டிப் பெரியவரு, கோவிந்தராஜுலு ஐயா எங்க ஊட்டுல கை நனைப்பாரு. எனக்கு வேற ஒன்னும் வேண்டாமுங்க. அவரு எங்க ஊட்டுல உக்காந்து ஒரு வாய் சாப்பிடோணும்.

உங்களுக்குந் தெரிஞ்சிருக்கும். நம்ம பக்கம் சம்பந்தம் பேசப் போற எடத்துல சட்டுனு சாப்பிட மாட்டாங்க. மனசு ஒப்புன பொறவுதான் கை நனைக்கறது. நனைச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுது, ஒறம்பரை ஆயாச்சு. கோவிந்தராஜுலு ஐயா எங்க ஊட்டுக்கு மூணு தடவை வந்துட்டாருங்க. மொதத் தடவை தண்ணி குடுத்தா, இப்பத்தானுங்க வர்ற வழியில எளநி குடிச்சேன்னாரு. ரெண்டாந் தடவை காப்பி கொண்டாந்தா, காப்பிய நிறுத்தியே ஆறு மாசமாச்சுங்க, டாக்டரு திட்டறாருன்னாரு. மூணாந் தடவை கார விட்டே எறங்கலை. மொழங்கால் வலிங்க, நீங்க சித்த வெளிய வாங்களேன், பேசிக்கலாம்னாரு. நான் கார்க் கதவப் புடிச்சுட்டு நின்னேன், அரைமணி நேரம் பேசினோம். நல்ல வெயிலு. அவரு ஏசி போட்டிருந்தாரு, கண்ணாடிய எறக்கியிருந்ததால எனக்குங் கொஞ்சம் வந்துச்சு.

கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டனுங்க. அவரு பையன் ஹர்ஷாவும் எங்க மதியும் சரவணம்பட்டியில ஒரே ஆபீசு. இவளத்தான் கட்டுவேன்னு பையன் சொன்னப்ப ஊட்டுல அடிதடி ஒன்னும் ஆகலை. ஒரு மாசம் பேசாம இருந்துட்டு, சரின்னுட்டாரு. என்னைய ஒரு தடவை கூட நீ வா போன்னு பேசினதில்லை. வாங்க, சொல்லுங்க, பாருங்க, அத்தனையும் ங்க போட்டுத்தான். வேண்டாம்ங்கறதுக்கும் ங்க போட்டுத்தான் சொல்லுவாரு. அப்படிச் சொன்னா நாம என்னங்க பண்ண முடியும், கோவிச்சுக்கக் கூட எடமில்லை.

எங்கம்மா கருப்பாத்தா அவங்க தோட்டத்துல பருத்தி எடுத்தவதானுங்க. மறைக்கறதுக்கு ஒன்னுமில்லை, ஊருக்கே தெரியும். தாகம்னா கெணத்து மேட்டுக்குக் கீழ நின்னு ரெண்டு கையையும் குமிச்சுப் புடிக்கோணும், மேல இருந்து ஊத்துவாங்க. சொம்பு கையில படாது. கோவிந்தராஜுலு ஐயாவுக்கு அப்பப் பத்து வயசிருக்குமாமா. ஒருக்கா அவரே ஊத்தினாருன்னு எங்கம்மா சொல்லும். நல்லா ஊத்துனாராமா, சிந்தாம.

அட, கத்திய ஏனுங்க நிறுத்திட்டீங்க. நறுக்குங்க, நறுக்குங்க. உங்க வேலையக் கெடுக்கறனுங்களா? இல்லைன்னா சரி.

மூணு தடவைக்கு அப்பறம் போன்ல கூப்பிட்டாரு. சுப்பையன், ரெண்டு குடும்பமும் ஒட்டுக்கா உக்காந்து பேசோணுமுங்க, பொதுவா ஒரு எடம் பாருங்கன்னாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்க ஊட்டுக்கு எங்களக் கூப்பிட மனசில்லை, எங்க ஊட்டுல உக்கார மனசில்லை. ரெண்டுமில்லாத எடம் ஓட்டலுதான. இங்கன்னு முடிவாச்சு. கட்டுப்படியாகற வெலை, வண்டி நிறுத்த எடமிருக்குது, தெரிஞ்சவங்க எவனும் வர மாட்டான். நெத்திலிக் கருவாடு தின்னு வளந்த ஆளுக யாருங்க ஆறுன சோத்துக்கும் பச்சை மீனுக்கும் வருவாங்க.

வந்து உக்காந்தமுங்களா. நீங்க கருப்புக் கோட்டு, தலையில துணி, வாயில மாஸ்க்கு, கண்ணு ரெண்டு மட்டுந்தான் வெளிய. சட்டையில எழில்னு இங்கிலீசுல குத்தியிருந்துச்சு. கோவிந்தராஜுலு ஐயா அத எஜில்னு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, அசல் ஜப்பான்காரரையே கொண்டாந்து வெச்சிருக்காங்க பாருங்கன்னு என்ற காதுல சொன்னாரு. உங்களப் பார்த்து எந்திரிச்சுக் குனிஞ்சு ஒரு கும்புடு போட்டாரே, நீங்களுந் திருப்பிக் குனிஞ்சீங்க. அதுக்கு அவரு மறுபடி குனிஞ்சாரு.

நீங்க அந்தக் கிண்ணத்துல கையத் தொட்டு, ஒரு தட்டுத் தட்டி, சோத்த எடுத்து ரெண்டு வெரல்ல அமுக்கறதப் பார்த்துட்டே இருந்தனுங்க. நான் கம்பெனியில சாமான் அளவு பார்க்கற செக்கிங்ல இருந்தவன், எனக்கு அளவு கண்ணுல நிக்கும். மொத உருண்டையும் முப்பதாவது உருண்டையும் ஒரே எடை. அந்தக் கடல்பாசித் தாளுல கூம்பாட்டம் சுத்தி, உள்ள சோறும் மீனும் வெச்சீங்களே, அத எடுத்து அவருகிட்ட நேரா நீட்டினீங்க. தட்டுல வெச்சா பாசி நமுத்துப்போகும், கையிலயே வாங்கிக்கோணும்னு ஹர்ஷா சொன்னான்.

அப்ப அவரு என்ன பண்ணுனாருன்னு பார்த்தீங்களா? துண்ட எடுத்து இடுப்புல கட்டினாரு. வலது கையக் குமிச்சு, இடது கைய அதுக்குக் கீழ குடுத்து, தலையக் குனிஞ்சு வாங்குனாரு. பெருமாள் கோயில்ல பிரசாதம் வாங்கறாப்பல. வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாருங்க. ஒத்திக்கிட்டு வாயில போட்டாரு. தின்னு முடிச்சுட்டு கைய உச்சந்தலையில தொடச்சாரு. எங்க மதி சிரிப்ப அடக்க முடியாம பாத்ரூமுக்குப் போயிட்டா. நீங்க சிரிக்கலை. மாஸ்க்குக்குள்ள சிரிச்சீங்களோ என்னமோ.

அப்பறம் அவரு நிறுத்தலீங்களே. சால்மன், சூரை, எறா, முட்டை வெச்சது. மொத்தம் பதினொன்னு. ஒவ்வொன்னையும் கையில வாங்கினாரு. தட்டுல வெக்கப் போனா வேண்டாம் வேண்டாம்னு கைய நீட்டினாரு. உங்க கையக் காட்டி, இந்தக் கையி ஒரு தனிக் கையிங்க, சுத்தமான கையின்னு சொன்னாரு. அவரு சம்சாரம் வெள்ளரிக்கா வெச்சது மட்டும் நாலு தின்னாங்க. சட்னி இருந்தா நல்லாருக்கும்னாங்க, அத விடுங்க.

எங்க ஊட்டு எவர்சில்வர் டம்ளர்ல ஒரு வாய் தண்ணி குடிக்காத மனுசனுங்க. நீங்க யாரு, எந்த ஊரு, என்ன ஆளுகன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நீங்க வெறுங் கையில புடிச்ச சோத்த அப்படியே வாயில போட்டாரு.

போறப்ப கார்ல ஏறிட்டுச் சொல்றாரு, சுப்பையன், இந்தச் சாப்பாடுன்னா எங்க போட்டாலும் சாப்பிடலாமுங்க, ஒன்னும் ஆகாதுங்கன்னு. நான் அந்த வார்த்தையப் புடிச்சுக்கிட்டேன். எங்க போட்டாலும்னா எங்க ஊட்டுல போட்டாலுந்தான? இதுல எங்க அடுப்பு இல்லை. எங்க பாத்திரம் இல்லை. அன்புக்கரசி கை படலை. ஆனா ஊடு எங்க ஊடு. எங்க கூரைக்குக் கீழ, எங்க நாற்காலியில உக்காந்து அவரு கை நனைச்சுபோட்டாருன்னா நனைச்சதுதான். அப்பறம் எளநிங்கவும் முடியாது, டாக்டருங்கவும் முடியாது.

மதிகிட்டச் சொன்னேன். அவ சொல்றா, அப்பா, அவரு சாப்பிடலைன்னா நாம சாப்பிடலாம், நமக்குப் பசிக்கும்லன்னு. அவளுக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க. ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு வர்றதுக்கும் ரெடிதான். ஏப்பா இத்தனை மல்லுக்கட்டறீங்க, உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா. எனக்கு என்ன வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாதுங்க. அன்புக்கரசிக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டா.

என்னுங்க? ஆமாங்க, நீங்க ஜப்பான்காரரு இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க வால்பாறை. டீ எஸ்டேட்டு லைன் ஊட்டுல பொறந்து, சிங்கப்பூர்ல ஏழு வருசம் இந்த வேலையக் கத்துக்கிட்டு வந்தவரு. மேனேஜரு சொன்னாரான்னு கேக்காதீங்க. ஆமான்னு சொல்லிப்போடலாம்னுதான் வந்தேன். அவரு சொல்லலை.

அன்னைக்கு தனியாப் பதினெட்டுப் பேருக்குச் செய்யறது செரமந்தான். கூடமாட ஒருத்தரு வேணும்னா உங்கம்மாவக் கூட்டியாங்களேன். சோறு வடிக்கறதுக்கு, சாமான் எடுத்துக் குடுக்கறதுக்கு. இப்ப உக்கடத்துல உங்ககூடத்தான இருக்குது சாந்தாமணி.

என்ற தங்கச்சிதானுங்க. கூடப் பொறந்தவ. உங்கப்பா பிரான்சிஸக் கட்டிக்கிட்டு மலையேறிப் போனவ. போட்டோ கீட்டோ ஒன்னும் அவ வெச்சிருக்க மாட்டா, அதனால உங்களுக்கு என்ற மூஞ்சி தெரியாது. கத்தியக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க கண்ணு, கையில பட்டுரும்.

இந்தக் கடையச் சொன்னதே நான்தானுங்க. சாந்தாமணி பையன் கோயமுத்தூர்ல ஜப்பான் ஓட்டல்ல இருக்கான்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே கம்பெனியில ஒரு வால்பாறைக்காரம்மா சொல்லிச்சு. எதுத்தாப்பல பேக்கரியில நின்னு அஞ்சாறு தடவை பார்த்திருக்கேன். உள்ள வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல. பொதுவா ஒரு எடம்னு அவரு சொன்னதும் வாயில இதுதான் வந்துச்சு.

இத்தனை வருசமா ஏன் பார்க்க வரலைன்னு கேக்கறீங்க. வந்தனுங்க. தொண்ணுத்தி நாலுல ஒருக்கா வால்பாறைக்கு வந்தேன். எங்கம்மா தவறின சேதியச் சொல்றதுக்கு. அடக்கம் முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சுச் சொல்ல வந்தேன், அதுவே எத்தனை பெரிய தப்புன்னு பாருங்க. சாந்தாமணி அழுது முடிச்சுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு, டீ வெச்சுக் கொண்டாந்து குடுத்தா. நீங்க நாலு வயசு, கதவோரம் நின்னு என்னையவே பார்த்துட்டு இருந்தீங்க. நான் சொன்னேன், பஸ்சுல நாப்பது வளைவு ஏறி வந்தது வாந்தி வர்றாப்பல இருக்குது, டீ வேண்டாம்னு.

நம்பறாப்பலதானுங்க இருந்துச்சு. பாதிப் பஸ்சு வாந்தி எடுத்துட்டுத்தான் வந்துச்சு. ஆனா எனக்கு ஒன்னுமில்லை, நான் கீழ எறங்கி ஸ்டாண்டுல ஒரு டீயும் ரெண்டு பன்னும் தின்னுட்டுத்தான் லைனுக்கு நடந்து வந்தேன்.

பிரான்சிஸ் ஆளுக எங்களுக்கு ஒரு படி கீழன்னு எங்க தெருவுல பேச்சுங்க. கெணத்து மேட்டுக்குக் கீழ நின்னு கையக் குமிச்சுப் புடிச்ச ஆளுக நாங்க. எங்களுக்குங் கீழ ஒரு படி இருக்குதுன்னு நாங்க கெட்டியாப் புடிச்சு வெச்சிருந்தோம். அங்க போய் டீ குடிச்சன்னு தெரிஞ்சா எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம். அந்த வருசந்தான் எனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருந்தாங்க.

சாந்தாமணி டீயக் கொண்டு போயி வெளிய கொட்டுனா. நான் தொடாத டம்ளர எடுத்து, சாம்பல் போட்டு, தேய்ச்சுக் கழுவி, கவுத்து வெச்சா. அத்தோட சரி. உங்கப்பா போய்ச் சேர்ந்தப்பவும் சேதி வந்துச்சு. நான் வரலை.

கோவிந்தராஜுலு ஐயா எளநின்னப்பவும் காப்பின்னப்பவும் எல்லாரும் நம்புனாங்க, அன்புக்கரசி கூட மொதல்ல நம்புனா. எனக்கு மட்டும் அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னதத்தான அந்த மனுசனுஞ் சொல்றாரு. என்னையாட்டமே கண்ணப் பார்க்காமச் சொன்னாரு.

மறைக்கலீங்க, மொதல்ல ஒரு வஞ்சமும் இருந்துச்சு. அவரு நம்ம ஊட்டுல நல்லாத் தின்னு ஏப்பம் விட்டதுக்கப்பறம், நீங்க மாஸ்க்க எறக்கோணும், இவன் என்ற தங்கச்சி மகன், வால்பாறை பிரான்சிஸ் பையன்னு நான் சொல்லோணும்னு. படுத்துட்டு அத நெனச்சு நெனச்சுச் சிரிச்சிருக்கேன். ஆனா அன்னைக்கு இதே எடத்துல, அவருக்கு அடுத்தாப்பல நீங்க எனக்கும் ஒன்னு நீட்டினீங்க. கையில. நான் வேண்டாம்னு தலையாட்டினேன். பச்சை மீனுன்னு சங்கடப்படறாருன்னு நெனச்சிருப்பீங்க. கோவிந்தராஜுலு தின்னுட்டாரு மாப்ளே. நான் அப்ப டீயவுங் குடிக்கலை, இப்ப இதையுந் திங்கலை. வெக்கம். கை தூக்கவே வரலை எனக்கு.

அதனால நிச்சயத்துக்கு ஜப்பான்காரரா வர வேண்டாமுங்க. மாஸ்க்கும் வேண்டாம், தலைத்துணியும் வேண்டாம். மதிக்கு அத்தை மகனா வாங்க. செஞ்சா மொதத் தட்டு எனக்கு, எல்லாரு முன்னாலயும் நான் உக்காந்து சாப்பிட்டுப் போடறேன். அப்பறம் அவரு சாப்பிட்டாலுஞ் சரி, காருக்குப் போனாலுஞ் சரி. மதிக்கு ரிஜிஸ்தர் ஆபீசு இருக்குது.

உங்கம்மாவக் கேக்கோணுமுங்களா? ஆமாமா, கேக்கத்தான் வேணும். வர மாட்டேன்னுதான் சொல்லுவா, எனக்குத் தெரியாதா அவள. அப்படின்னா நானே உக்கடத்துக்கு வாரேன். இன்னைக்கே வாரேன், உங்க வேலை முடியற வரைக்கும் எதுத்தாப்பல பேக்கரியில உக்காந்திருக்கேன். போன் போட்டு டீ மட்டும் வெச்சிருக்கச் சொல்லுங்க. இங்கருந்து டவுன் பஸ்சுதானுங்களே, வழியில வளைவு ஒன்னும் இல்லை.